மொட்டைகளின் முதல் ஷிப்ட்

“மேடம், காலை ஷிப்ட்டுக்கு மொத்தமே பதினோரு பேர்தான் வந்திருக்காங்க. ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டேதான் பேசறேன்.”

தொலைபேசியில் ராகவன் சார். சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருப்பவர். எங்கள் கம்பெனியின் மூன்று தொழிற்சாலைகளும் அவர் பொறுப்பு. குரலில் கோபம் இருந்தது. ஆனால் அதைவிட, ‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற திருப்திதான் தூக்கலாக இருந்தது.

நான் அப்போது எங்கள் திருத்தணி தொழிற்சாலையின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆடிக் கிருத்திகை விடுமுறை முடிந்து கதவு திறந்த முதல் காலை. கார்களுக்குள்ளே நரம்பு மாதிரி ஓடுகிற ஒயர் கட்டுகளைத்தான் நாங்கள் செய்கிறோம். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பலகை ஆள் நின்று ஒயர்மேல் கறுப்பு டேப் சுற்றும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஓர் இடம்கூடக் காலியில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். டியூப்லைட் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக மொட்டைத் தலைகள் பளபளத்தன. ஆண்களில் பெரும்பாலோர் மொட்டை, பெண்களிலும் பலர் மொட்டை. எப்போதும் பிளாஸ்டிக் வாடை அடிக்கும் கூடத்தில் அன்றைக்குச் சந்தன வாசனை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“என்ன மேடம் சிரிக்கிறீங்க? புது லைன் உங்க கையை விட்டுப் போகுது. புரியுதா?” என்றார் ராகவன் சார்.

எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?

இந்தத் தொடரைத் தொடங்கியதிலிருந்து வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு தொழிற்சாலைக்கே தலைமை தாங்குகிற பெண் விடியற்காலையில் எழுந்து ஏதோ ரகசியமாகச் செய்கிறாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர்ந்த நீர் குடிப்பேனா, தியானம் செய்வேனா, இலட்சியங்களை எழுதி வைப்பேனா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். போன வாரம் ஒரு தம்பி, பாதாம் எத்தனை சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருந்தார்.

தம்பி, நான் இட்லி சாப்பிடுகிறவள். கூட இரண்டு இட்லி வைத்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

ஆனால் காலையில் ஒன்று செய்கிறேன். மலை ஏறுகிறேன். அது நானாகக் கண்டுபிடித்த பழக்கம் இல்லை. ஐம்பது வயதைத் தொட்ட சமயம், ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்ச்சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது சுவர் இல்லை, நான்தான் என்று பிறகு சொன்னார்கள். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது.

“மாத்திரை நான் தரேன். நடக்கிற வேலை உங்களுது,” என்றார் டாக்டரம்மா.

எங்கே நடப்பது? பைபாஸில் லாரி தொல்லை, தெருவில் நாய்த் தொல்லை. திருத்தணியில் வீட்டை வைத்துக்கொண்டு நடக்க இடமில்லை என்று சொன்னால் ஊர் சிரிக்கும். எதிரே மலை நிற்கிறது, மலைக்குப் படி இருக்கிறது. ஏற ஆரம்பித்தேன்.

நாங்கள் மிஷன் காலத்திலிருந்து கிறிஸ்தவக் குடும்பம். நான் சந்நிதிக்குள் போவதில்லை. மேலே மதில் ஓரமாக நின்று, ஆந்திரா பக்கத்திலிருந்து வரும் காற்றை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். முதல் மாதமே சேதி சர்ச்சுக்குப் போய்விட்டது. பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “சிஸ்டர், உங்களை மலைப்படியில பார்த்ததா சொல்றாங்க.”

“ஆமாம் பாஸ்டர். உங்களுக்கும் பிரஷர் இருக்கே, நாளைக்கு வர்றீங்களா?” என்றேன்.

அவர் வரவில்லை. ஆனால் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஏறி இறங்கும்வரை போனை அணைத்து வைத்துவிடுவேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த நிர்வாக முடிவுகளிலேயே சிறந்தது அதுதான் என்பேன். ஆறே மாதத்தில் மாத்திரை பாதியானது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. என் ஆட்கள் படியில் என்னைப் பார்த்தால் பேசுவார்கள். ஆபீஸ் அறையில் கைகட்டி நிற்கும் அதே ஆட்கள், மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக் கதையிலிருந்து மெஷின் கோளாறு வரை சொல்வார்கள்.

தாத்தா செத்த கதை

ஆடிக் கிருத்திகை என்றால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஊரே மஞ்சள் நிறமாகிவிடும். பரணிக்கு முன்பே காவடிகள் வர ஆரம்பிக்கும். தெருவெல்லாம் அரோகரா சத்தம், பம்பைச் சத்தம். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். சரவணப் பொய்கையில் தண்ணீரைவிடத் தலைகள் அதிகமாகத் தெரியும்.

எங்கள் தொழிற்சாலையில் அந்த நாட்களில் வேறொன்று நடக்கும். தாத்தாக்கள் சாவார்கள். கே.ஜி.கண்டிகையில் ஒரு தாத்தா, மணவூரில் ஒரு தாத்தா, அம்மையார்குப்பத்தில் கும்பலாகச் சில தாத்தாக்கள். கிருத்திகைக்கு லீவு கிடையாது என்பது தலைமை அலுவலகத்தின் சட்டம். சாவுக்கு லீவு உண்டு. ஆகவே வருஷா வருஷம் ஆடியில் எங்களுக்குத் துக்கம்தான்.

இந்த மொட்டைக் காலைக்கு முந்தின வருஷம், ஆடிக் கிருத்திகையன்று, கூட்டத்துக்கு முன்பே ஏறி இறங்கிவிடலாம் என்று போய் நடுப்படியில் மாட்டிக்கொண்டேன். ஓரமாக ஒதுங்கி நிற்கும்போது, மஞ்சள் சேலையும் தோளில் பூக்காவடியுமாக ஒரு பெண் என் எதிரே வந்து நின்றாள். கோமளா. டேப் சுற்றும் பிரிவின் லைன் லீடர். அம்மையார்குப்பத்துக்காரி. அவள் குரல் எழும்பினால் கூடத்தில் பெல்ட்கூடப் பயந்து ஓடும். முந்தின நாள்தான் தாத்தா தவறிவிட்டார் என்று லீவு சொல்லியிருந்தாள்.

காவடியை இறக்கவும் முடியாது, திரும்பி ஓடவும் முடியாது. அப்படியே நின்றாள்.

“தாத்தா போயிட்டாருன்னு சொன்னாங்களே கோமளா?” என்றேன்.

“ஆங், மேடம்…” என்று இழுத்தாள்.

பின்னாலிருந்து ஒரு கிழவர் அதட்டினார். “இன்னாம்மா நட்ட நடுவுல நின்னுட்ட? பின்னால ஜனம் வந்துகினு கீது. நட, நட!” அவர் தோளிலும் ஒரு காவடி.

“இவர் யாரு?”

கோமளா தலையைக் குனிந்துகொண்டாள். “தாத்தா மேடம்.”

நல்ல ஆரோக்கியமான தாத்தா. என்னைவிட வேகமாக ஏறினார்.

மறுவாரம் கோமளா தானாகவே என் அறைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

“நெஜத்த சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்பீங்களா மேடம்?”

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

“எங்க நைனா தூக்கின காவடி மேடம். அவரு போனப்புறம் நான்தான் தூக்கிகினு போறேன். வேல முக்கியந்தான், இல்லன்னு சொல்லல. அதுக்காக அத உட்ற முடியுமா?”

அவள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். பொய் சொல்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். உண்மை சொன்னால் லீவு கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டு, பொய் சொல்லாதே என்றால் என்ன நியாயம்?

நீங்க கிறிஸ்டியன்தானே?

அடுத்த ஆடிக்கு நாலு மாதம் முன்பே சென்னைக்குப் போய் ராகவன் சார் முன்னால் உட்கார்ந்தேன். பரணி, கிருத்திகை, அதற்கு மறுநாள், மூன்று நாளும் தொழிற்சாலையை முழுதாக மூடிவிட வேண்டும் என்றேன்.

“மூணு நாளா? ஒரு ஊர்த் திருவிழாவுக்கா?” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க கிறிஸ்டியன்தானே?”

“அதனாலதான் சார் தைரியமாக் கேக்கறேன். எனக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. கணக்கு மட்டுந்தான் இருக்கு.”

கணக்கு எளிமையானது. அந்த மூன்று நாளும் பாதி ஆள்தான் வருகிறது. வருகிறவர்கள் பழக்கமில்லாத பலகையில் நின்று சிவப்பு ஒயர் போக வேண்டிய இடத்தில் பச்சையைச் செருகுகிறார்கள். பிறகு ஒரு வாரம் அதைப் பிரித்து மறுபடி கட்டுகிறோம். மூடினால் மூன்று நாள்தான் நஷ்டம். திறந்து வைத்தால் பத்து நாள் நஷ்டம். முன்கூட்டியே ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்து, மூன்று நாள் சரக்கை கார் கம்பெனியின் கிடங்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறோம் என்றேன்.

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கிடங்குச் சரக்கு மூன்று நாளுக்குத்தான் தாங்கும். நாலாம் நாள் காலை முதல் ஷிப்ட் முழுதாக ஓடினால்தான் மத்தியானம் அவர்களுக்கு அடுத்த லாரி போகும். அன்று ஆள் குறைந்தால், எங்களுக்கு வரவிருந்த புது உற்பத்தி லைன் வேறு தொழிற்சாலைக்குப் போய்விடும்.

புது லைன் என்பது எனக்கு வெறும் மெஷின் இல்லை. பயிற்சி ஆட்கள் என்ற பெயரில் இழுத்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நிரந்தர வேலை.

கேன்டீனில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். “மூணு நாள் முழு லீவு. இனிமே தாத்தாக்களை உயிரோட விட்டுடுங்க. நாலாம் நாள் காலைல ஒரு பலகை காலியா நின்னாலும் புது லைன் நமக்கு இல்லை. உங்களை நம்பி வாக்கு குடுத்துட்டேன்.”

யாரும் கைதட்டவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஞாயிற்றுக்கிழமைக் கம்பெனி பஸ்ஸில் உட்கார இடமில்லை. அந்த ஆடி மாதம் கிருத்திகைக்குக் கிளம்பும்வரை எங்கள் தொழிற்சாலையில் ஒரு தாத்தாகூடச் சாகவில்லை.

விடுமுறை நாட்களில் நான் மலைப்பக்கமே போகவில்லை. போனால் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கண் தேடும். நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டிலேயே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். “தரை தேஞ்சிடும், கொஞ்சம் உக்காரு,” என்றார் என் கணவர்.

ப்ளீஸ் ட்ரை அகெய்ன்

நாலாம் நாள் காலை. தெப்பத் திருவிழாக் கூட்டம் இன்னும் கலையவில்லை. எங்கள் பஸ்களைச் சுற்றுவழியில் திருப்பி விட்டிருந்தார்கள். ஆறு மணி ஆயிற்று, ஒரு பஸ்ஸையும் காணோம். வாசலில் போய் நின்றால் வருகிறவர்களைத் தலை எண்ணுவதுபோல இருக்கும் என்று உள்ளேயே இருந்தேன். மாத்திரை போட்டேனா இல்லையா என்பதுகூட நினைவில்லை.

பிறகு பஸ் ஹாரன் கேட்டது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கூடத்தின் கதவு வழியாக முதல் மொட்டை நுழைந்தது. அடுத்த மொட்டை. வந்துகொண்டே இருந்தார்கள். அவரவர் பலகைக்குப் போய் நின்றார்கள். பெல்ட் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் ராகவன் சாரின் போன்.

சிரித்து முடித்துவிட்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். அங்கே, முகத்தைப் பார்த்து வருகை போடும் மெஷின் இருந்தது. தலைமை அலுவலகம் வாங்கி அனுப்பி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அது சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, “ப்ளீஸ் ட்ரை அகெய்ன், ப்ளீஸ் ட்ரை அகெய்ன்” என்று பெண் குரலில் புலம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கள் செக்யூரிட்டி தணிகாசலம் அண்ணன், அவரும் மொட்டை, அதை முறைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணே ஆச்சு?”

“மெஷினுக்கு யாரையும் தெரில மேடம். மொதல்ல மொட்டை போடாத பதினோரு பேரு வந்தாங்க, எடுத்துக்கிச்சு. அப்புறம் வரிசையா மொட்டைங்க. தலைல முடி இல்ல, மீச இல்ல, மூஞ்செல்லாம் சந்தனம். யாரோ திருட்டுப் பசங்கன்னு நெனச்சிகினு பூட்டிக்கிச்சு.”

வேறு வேறு ஆட்கள் தொடர்ந்து ஏமாற்ற முயன்றால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பெருமையாக விளக்கிவிட்டுப் போனார்கள். திருத்தணிக்கு வருகிற மெஷினுக்கு மொட்டையைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை.

“அப்புறம் எப்படி எல்லாரையும் உள்ள விட்டீங்க?”

“இன்னா மேடம் இப்டி கேக்கறீங்க? மொட்ட அடிச்சா நம்ம ஆளு வேற ஆளாயிடுவானா?”

எல்லாவற்றையும் ராகவன் சாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் இறங்கி வரவில்லை. “கதையெல்லாம் சரி மேடம். ஸ்கிரீன்ல இல்லைன்னா ஆள் வரலைன்னுதான் அர்த்தம். எனக்கு மேல இருக்கறவங்க அப்படித்தான் கேப்பாங்க.”

போட்டோ அனுப்பட்டுமா, வீடியோ காட்டட்டுமா என்று நான் கெஞ்சவில்லை. என் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பதற்கு நான் ஏன் சாட்சி தேட வேண்டும்? “நேர்ல வாங்க சார்,” என்று சொல்லி போனை வைத்தேன்.

வந்தார். மத்தியானத்துக்கு முன்பே கார் வந்து நின்றது. அவர் வருவதற்குள் லாரி நிறையச் சரக்கு கிளம்பியிருந்தது. மெஷினும் அதற்குள் தெளிந்திருந்தது. ராகவன் சார் முகத்தைக் காட்டினார். உடனே பச்சை விளக்கு. “வெல்கம்” என்றது. காலையில் வந்த பதினோரு பேருக்குப் பிறகு அன்று அந்த வாசலில் மெஷினுக்குப் பிடித்த ஒரே ஆள் அவர்தான்.

கூடத்துக்குள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பலகை பலகையாக நடந்தார். காலையில் மொட்டைத் தலையில் தொளதொளத்துக் கண்ணை மறைத்ததால் கழற்றி வைத்திருந்த தொப்பி இப்போது எல்லோர் தலையிலும் இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஒயருக்குச் சுற்றும் அதே கறுப்பு டேப்பைத் தொப்பிக்கு உள்பக்கம் ஒட்டி இறுக்கியிருந்தார்கள்.

கோமளா லைன் லீடர் இடத்தில் இல்லை. மொட்டைத் தலையில் தொப்பியோடு ஒரு பலகையில் நின்று டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“மூணு நாள் லீவு விட்டும் ஒருத்தர்கூட ஆப்சென்ட் இல்லையா?” என்று அவளிடம் கேட்டார் ராகவன் சார்.

“ஒருத்தர் கீறாரு சார். மணவூர் ராஜேஷ். அவுரு எடத்துலதான் நான் நின்னுகினு கீறேன்.”

“அவர் ஏன் வரலை?”

கோமளா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பக்கத்துப் பலகைகளில் டேப் சத்தம் நின்றது.

“அவுரு தாத்தா செத்துட்டாரு சார்,” என்றாள். பிறகு அவசரமாக, “நெஜமாவே சார்!” என்றாள்.

“நெஜமா சார், நெஜமா!” என்று நாலு பக்கமும் குரல் எழுந்தது.

பாவம், உண்மைதான். அன்று மாலை நானே மணவூருக்குப் போய்ப் பெரியவருக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். எங்கள் கம்பெனி சரித்திரத்தில் உண்மையாகவே செத்த தாத்தாவுக்கு நாங்கள் மரியாதை செய்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நம்ம சார்

கிளம்பும்போது ராகவன் சார், “புது லைன் இங்கதான் மேடம்,” என்றார். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பெருமையை எந்த விருது மேடையிலும் அடைந்ததில்லை. அதை நான் அடக்கத்தோடு சொல்லப்போவதில்லை. என் ஆட்கள் என் வாக்கைத் தங்கள் வாக்காக எடுத்துக்கொண்டார்கள். தலைமை பற்றி யாராவது என்னைக் கேட்டால், இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கார்க் கதவைத் திறந்தவர் மறுபடி மூடினார். “மேடம், மலையில கூட்டம் கம்மியா இருக்கிற நாள் எது?” என்று மெதுவாகக் கேட்டார். மனைவியின் ஆபரேஷன் சமயத்தில் வேண்டிக்கொண்ட ஒன்று பல வருஷமாக அப்படியே நிற்கிறதாம். லீவு எடுக்க முடியவில்லையாம். முருகனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமை தவிர வேறு எந்த வார நாளும் வரலாம் சார் என்றேன்.

சில வாரம் கழித்து, ஒரு காலையில் நான் எங்கள் வாசலில் நின்று தணிகாசலம் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது ராகவன் சார் கூப்பிட்டார்.

“மேடம், நம்ம ஹெட் ஆபீஸ் கேட்ல நிக்கறேன். மெஷின் என்னை உள்ள விட மாட்டேங்குது.”

“ஏன் சார்?”

குரலைத் தாழ்த்தினார். “நேத்து குடும்பத்தோட திருத்தணி வந்திருந்தோம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. விடுவேனா? “ஸ்கிரீன்ல இல்லைன்னா நீங்க இன்னைக்கு வரலைன்னுதானே சார் அர்த்தம்?”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. சிரித்து முடித்துச் சொன்னார். “இங்க செக்யூரிட்டி புது ஆளு மேடம். கார்டைக் காட்டினாலும், போட்டோவில இருக்கறது நீங்க இல்லைங்கறார். உங்க கேட்ல ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட போனைக் குடுங்க. அவர் சொல்லட்டும்.”

போனைத் தணிகாசலம் அண்ணனிடம் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அந்தப் பக்கத்துக் காவலாளியின் குரல் வரும்வரை காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“ஆங், நம்ம சார்தாங்க. உள்ள உடுங்க.”